சுப்பையாவுக்கு நாற்பத்திரண்டு மார்க்

நாகர்கோவிலில் காலை நடை போகிறவர்களில் ஒரு வகை உண்டு. ஒரு கையில் நாய்ச் சங்கிலி, மறு கையில் டார்ச் லைட். நாய் எங்காவது குந்தினால் டார்ச் எரியும். மனுஷர் குனிந்து பார்த்து நிமிர்வார். முகம் தெளிந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் நல்ல நாள்.

பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் வாத்தியார்கள்தாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது, நூற்றுக்கு 91.75. எழுத்து ஏறஏற வைத்தியர்களும் பெருகுவார்கள் போலிருக்கிறது. நம்ம சாருக்குப் பெயர் வேண்டாம், எல்லாத் தெருவிலும் இருக்கிறார். நாய் அவர் கேட்டு வந்ததல்ல. மகன் பெங்களூரில் ஆசையாய் வாங்கி, சிட்னிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லாப்ரடார். அவன் வைத்த பெயர் ஸ்கூபி. வீட்டம்மா வாயில் சுப்பி ஆயிற்று. வயிறு கெட்ட நாட்களில் மட்டும் சார் ‘சுப்பையா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

பெற்ற பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கின்றன என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனுஷர், இன்று பழைய அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரில் கோடு போட்டு, சுப்பையா வெளிக்குப் போன நேரம், நிறம், பதம் எல்லாம் எழுதுகிறார். கடைசிக் கட்டத்தில் மார்க். கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒன்று முதல் ஏழு வரை ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். சாருக்கு ஏழு எந்த மூலைக்கு? நூற்றுக்குத்தான் போடுவார். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பெயில், ஆஸ்பத்திரி.

ஒழுகினசேரிப் பாலத்துப் பக்கம் ஒருநாள் யாரோ விசாரித்தார்கள்.

“என்ன சார், முகம் வாடிக் கெடக்கு?”

“ராத்திரி ரெண்டு மட்டம் போனான். காலத்த கொஞ்சம் கெட்டியா இருக்கு. நாப்பத்திரெண்டு போடலாம்.”

“பேரன் வந்திருக்கானா?”

“பேரன் சிட்னில சொகமா இருக்கான். இது சுப்பையா.”

சாரைக் கேலி செய்தாலும் ஒரு காரியத்தில் அவரைக் கும்பிட வேண்டும். பார்வோ வைரஸ் 1978-ல் தலைகாட்டி, ரெண்டே வருஷத்தில் உலகத்தைச் சுற்றிவந்த நோய். குட்டியின் குடல் உள்தோலை அரித்து, ரத்தமாய்ப் போகவைத்து, ஓரிரு நாளில் கதையை முடித்துவிடும். அங்கே ஓமத்தண்ணியும் செல்லாது, சுக்கும் செல்லாது. டிரிப் ஏற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தால் உண்டு. சுப்பி வந்த வாரமே சார் ஊசி போட ஆரம்பித்து, பதினாறு வாரம் வரைக்கும் ஒரு தவணைகூட விடவில்லை. தடுப்பூசி அட்டை பிள்ளைகளின் ஜாதகக் கட்டோடு இருக்கிறது.

ஊசிக்கு அடங்காதது பாசம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செமிக்காது. சார் வயிற்றை ஆற்றுவதாகச் சொல்லிப் பால் வார்ப்பார். வயிறு இளகினால், பச்சைப்பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டும் மட்டிப்பழம். அந்தப் பழம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து ரெண்டு பழம் கூடுதல். வீட்டம்மா முணுமுணுத்தால் ஆராய்ச்சி வரும்: ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செமிக்கும் மரபணு அதிகம் என்று 2013-லேயே நேச்சர் இதழில் போட்டாச்சாம். உண்மைதான். ஆனால் அந்த ஆராய்ச்சியில் அடைப்பிரதமன் இல்லை.

கல்யாண வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்த பிரதமன் அது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் வழியவழிய சுப்பி நக்கித் தீர்த்தான். மறுநாள் மார்க் பன்னிரெண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பிள் எடுத்து, தேதியும் மணியும் ஒட்டி, சார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரியில் படித்த சின்ன வயசு டாக்டரம்மா ஈறைத் தொட்டு, முதுகுத் தோலைக் கிள்ளி இழுத்து நீர்ச்சத்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பாயசத்துல கிஸ்மிஸ் இருந்துச்சா சார்?”

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கேட்டதும் சாருக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, ரத்தப் பரிசோதனை சுத்தம். டாக்டரம்மா சொன்ன பத்தியந்தான் பூகம்பம். எலும்பும் தோலும் இல்லாத கோழியைப் பச்சைத் தண்ணியில் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, நாலு வேளையாய்க் கொஞ்சம் கொஞ்சம். மிளகாய், வெங்காயம், பூண்டு கூடாது. எண்ணெய் கூடாது. தேங்காய் கூடாது.

“தேங்காய் இல்லாமலா?” வீட்டம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. “சவம், அதை வாயில வைக்க முடியுமா?”

அதைவிடப் பெரிய சங்கடம், அது சைவ வீடு. சார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க வடசேரி தாண்டி ஒரு கோழிக்கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் எழுந்து நின்றார். “சார்வாள்! என்னைத் தெரியலியா? எட்டாங் கிளாஸ் பி செக்‌ஷன்!” வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“எலும்பில்லாம அரைக் கிலோ குடுடே.”

“ஏன் சார், பல்லு ஆடுதா?”

வெந்த எலும்பு சிம்புசிம்பாய் உடைந்து குடலைக் குத்தும் என்று சார் ஒரு பாடமே நடத்தினார். யாருடைய குடல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பொறவாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார், ஆயுசில் முதல் தடவையாக. புகையில் கண் சிவந்து, ஆறிய கோழியை நூல்நூலாய்ப் பிய்த்து, சோற்றில் பிசைந்து, விரலால் சூடு பார்த்து வைத்தார். நாலைந்து நாளில் மார்க் எழுபத்தெட்டு. பழைய தீனிக்கு ஒரேயடியாக மாற்றாமல், தினம் ஒரு பங்காய்க் கூட்டிக் கொண்டுவந்தார். டாக்டரம்மாவே அசந்துபோனார்.

போன மாதம் கோட்டாரில் ஒரு கல்யாணப் பந்தி. சார் எனக்கு அடுத்த இலை. பிரதமனிலிருந்து கிஸ்மிஸை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இலையோரம் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், சுகரா?”

“எனக்கென்ன வே, கல்லு மாதிரி இருக்கேன். வீட்ல ஒருத்தனுக்கு இது ஆவாது.”

பொறுக்கி முடித்ததும் காலடியிலிருந்த தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்தார்.

“அப்போ தேங்காய்ப்பால்?”

“அது பழக்கந்தான்லா அவனுக்கு” என்றார்.