வாடகைக் காரில் சயனித்து வேனுக்குப் பொருள் சேர்த்தல்: ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

தஞ்சைத் தரணியின் ஆலயங்களைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும், அவ்வாலயங்களுக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் சென்று, அவர்கள் லாட்ஜில் மின்விசிறியின் கீழ்த் துயிலும் இரவில், சந்நிதித் தெருவோரம் காரை நிறுத்தி, முழங்காலை மோவாய்க்குச் சமீபமாகக் கொண்டுவந்து, அதற்குள்ளேயே நித்திரை கொள்ளும் டிரைவர்களின் சயன முறையைப் பற்றியோ, அந்நித்திரையின் வழியாகவே அவர்கள் ஒரு வேனுக்கு வேண்டிய முன்பணத்தைச் சேர்த்துவிடும் விந்தையைப் பற்றியோ எழுதப்பட்ட நூல் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. அக்குறையை நீக்குவதே இதன் பிரயோஜனம். கார் வைத்திருப்போர், வேன் வாங்க விரும்புவோர், இரண்டுமின்றி வாடகைக்கு எடுப்போர் ஆகிய மூவகையினரும் இதைப் பயில்வதற்கு அதிகாரிகள்.

லட்சணம்

தாம் ஓட்டிப் பிழைக்கும் காரிலேயே உறங்குபவர் கார்வாசி என்று சிலர் இலக்கணம் கூறக்கூடும். அது அதிவியாப்தி என்னும் தோஷத்துக்கு உட்பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் புளியமரத்தடியில் கதவைத் திறந்துபோட்டு அரைமணி நேரம் கண்ணயர்பவரையும் அது உள்ளடக்கிக்கொள்கிறது. வீடில்லாமையால் காரில் உறங்குபவர் என்றாலோ, அசம்பவம் என்னும் தோஷம் நேரும். பாபநாசத்திலோ அம்மாபேட்டையிலோ அவருக்கு வீடும், வீட்டில் மனைவி மக்களும், ரேஷன் கார்டில் பெயரும் உண்டு. அவருடைய இரவுகள்தாம் அங்கே இல்லை. ஆகவே, வீடிருந்தும் காரில் உறங்கி, அவ்வாறு உறங்கியதனால் மிஞ்சும் பணத்தை வேனின் பொருட்டுச் சேர்ப்பவர் என்பதே குற்றமற்ற லட்சணம். தை மாதத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் மூட்டை ஏற்றுவதற்காக நாட்கணக்கில் காத்துக்கிடக்கும் லாரி டிரைவர்களும், அறுவடை இயந்திரத்தோடு வெளிமாவட்டங்களிலிருந்து வந்து வயலோரத்தில் அதன் நிழலிலேயே உண்டு உறங்குபவர்களும் இதனால் விலக்கப்படுகின்றனர். அவர்கள் கார்வாசிகளுக்குப் பங்காளிகளே அன்றி அவ்வகுப்பினர் அல்லர்.

சயன காண்டம்

பழைய அம்பாசிடரில் கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் கீழே அமைந்திருந்தமையால், முன்னிருக்கை இடையீடின்றி ஒரே நீளமாகக் கிடந்தது; அதில் படுத்தவர் தம் தேகத்தில் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பாகத்தை மட்டும் மடக்கினால் போதும். 2014-இல் உத்தர்பாராவில் அக்காரின் உற்பத்தி நின்றபோது, ஒரு யுகம் முடிந்ததென்று இரங்கியவர்கள் பலர். ஒரு கட்டில் போயிற்றென்று இரங்கியவர்கள் டிரைவர்கள் மட்டுமே. பின்னர் வந்த சிறு கார்களில் முன்னிருக்கை இரண்டாகப் பிளந்து, நடுவே கியரும் ஹாண்ட்பிரேக்கும் நிலைகொண்டன. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது. டிரைவரின் விலா எலும்புக்காக ஹாண்ட்பிரேக் விலகியதாக எந்தத் தலபுராணமும் கூறவில்லை.

பருவங்களிலும் சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. இரண்டு விரற்கடை இறக்கி, அவ்விடைவெளியை ஈரிழைத் துண்டால் அடைத்துக்கொள்ளுதல் அனுபவசாலிகள் கண்ட சமரச மார்க்கம். ஸ்நானத்தைப் பொறுத்தமட்டில், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையே இவர்களுடைய பஞ்சாங்கம். மரபுப்படி ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தபின், குடமுருட்டியாயினும் அரசலாறாயினும் வழியில் எதிர்ப்படும் படித்துறையெல்லாம் குளியலறை; ஜனவரி 28-இல் அணையை மூடி ஆறு மணலாய்ப் போனபின், சாலையோர வயலில் பம்புசெட் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துத் தேடிச் செல்ல வேண்டும்.

பொருட்காண்டம்

வெளியூர்ச் சவாரியில் இரவு தங்க நேர்ந்தால், வாடகைக்கு மேல் டிரைவருக்குப் பேட்டா கொடுப்பது வழக்கம். கும்பகோணத்து ஸ்டாண்டில் வயது முதிர்ந்த ஒருவர் இதன் தத்துவத்தை நமக்கு இவ்வாறு உபதேசித்தார்: "பேட்டாங்கிறது சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சேர்த்துதாங்க. சாப்பிடாம இருக்க முடியாது. படுக்கையைத்தான் மிச்சம் புடிக்கலாம்." இவ்வாறு மிச்சம் பிடிக்கப்பட்ட படுக்கைகள் மாதந்தோறும் ஏலச்சீட்டில் சேர்ந்து, சீட்டு எடுக்கும் நாளில் முன்பணமாக உருவெடுக்கின்றன.

வேன் எதற்கென்று கேட்பவர்கள் நவக்கிரக யாத்திரையின் கணிதத்தை நோக்குவார்களாக. விடியுமுன் திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் ஆகியவற்றைச் சேவித்து, இரவு நடை சாத்துமுன் திருநள்ளாற்றில் முடிப்பது ஒருநாள் சவாரி. காரில் போனாலும் வேனில் போனாலும் கிரகங்கள் ஒன்பதுதான். சேவிப்பவர்கள் மட்டும் நால்வரிலிருந்து பன்னிருவராகின்றனர். தலைக்கு விழும் வாடகை குறைவதால் பயணிக்குத் திருப்தி. மொத்த வாடகை ஏறுவதால் டிரைவருக்குத் திருப்தி. 1987-இல் டெம்போ டிராவலர் சந்தைக்கு வந்ததுமுதல் இந்த இரட்டைத் திருப்தி சோழநாட்டுச் சாலைகளில் நடமாடி வருகிறது. திருநள்ளாறோ புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது. அங்கே டீசல் விலை தமிழ்நாட்டைக் காட்டிலும் குறைவாக இருந்துவருவதால், அனைவருக்கும் நஷ்டம் தருபவரெனப் பெயரெடுத்த சனிபகவான், வேனுக்குப் பணம் சேர்ப்பவருக்கு மட்டும் டாங்க் நிரம்ப அனுக்கிரகம் செய்கிறார். 2016-இல் கண்ட மகாமகக் கூட்டத்தைக் காரோடு நின்று பார்த்து ஏங்கியவர்கள், 2028-இன் மகாமகத்தை வேனோடு காண்பதென்று சங்கல்பம் செய்துகொண்டிருப்பது இயல்பே.

பூர்வபட்சமும் பரிகாரமும்

வாகனம் ஊர்வதற்கன்றி உறைவதற்கன்று என்பது முதல் ஆட்சேபம். கும்பகோணம் சாரங்கபாணி, சக்கரங்களும் குதிரைகளும் யானைகளும் பூட்டிய ரதவடிவான கர்ப்பக்கிருகத்திலேயே பள்ளிகொண்டிருக்கிறார். அதுவும் படுத்த நிலையிலிருந்து சற்றே எழும் உத்தான சயனத்தில். நள்ளிரவில் பயணி கண்ணாடியைத் தட்டும்போது கார்வாசி காட்டும் திருக்கோலமும் அதுவே. ஆகையால் இவ்வாட்சேபம் நில்லாது.

அமெரிக்காவில் பலர் விருப்பத்தினால் வேனில் வாழ்கிறார்களே, இதுவும் அத்தகைய சஞ்சாரப் பிரியமே என்பது இரண்டாவது. அங்கும் வீட்டுச் செலவைத் தாங்கமாட்டாமல் வாகனத்தில் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஜெஸிகா புரூடர் 2017-இல் "நோமாட்லாண்ட்" என்று ஒரு புத்தகமே எழுதியிருப்பதால், இது அங்கேயே முழு உண்மையன்று. ஊர்சுற்றுவதையே உத்தியோகமாகக் கொண்டு, தீபாவளிக்கு வீட்டிலிருப்பதே ஆசையாகக் கொண்டவரிடத்தில் துளியும் உண்மையன்று.

பெரிய வண்டியின்மேல் பேராசை என்பது மூன்றாவது. இதற்குரிய விடையே நம் சித்தாந்தம்.

சித்தாந்தம்

இரண்டாம் சரபோஜி மன்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். தஞ்சை மராட்டியர் சேதுயாத்திரை வழியெங்கும் எழுப்பிய சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் இலவசம். சத்திரமில்லாத ஊரில் திண்ணை இருந்தது. மாட்டை அவிழ்த்துக் கட்டிய வண்டிக்காரர் யார் வீட்டுத் திண்ணையிலும் துண்டை விரித்துக் காலை நீட்டினார்; அதற்கு எவரும் பணம் கேட்டதில்லை. பின்னர் சத்திரங்களில் சில பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் மாறின, சில சிதிலமாயின. திண்ணைகள் கிரில் கம்பிக்குள் அடைபட்டன. லாட்ஜுகள் பயணிக்கு அறையும் காருக்கு இடமும் கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இருப்பதை மறந்தன. வேனிலோ இருக்கைகளுக்கு இடையேயுள்ள நடைவழியில் பாய் விரிக்கலாம். பாயில் காலை நீட்டலாம். ஆகவே கார்வாசியின் வேட்கை பேராசையன்று. பாட்டனாருக்கு இனாமாகக் கிடைத்த இரண்டடித் திண்ணையை, பேரன் முன்பணமும் மாதத் தவணையும் கட்டி, சக்கரம் வைத்து, மீட்கிறார் என்பதே இதன் மர்மம். அத்தவணைக்காக இன்னும் அதிகச் சவாரி ஓடி, இன்னும் அதிக இரவுகள் வெளியூரில் நீட்டிப் படுக்க நேரிடும் என்பது இச்சித்தாந்தத்தின் உபவிளைவு.

பலச்ருதி

இதைப் பயின்றவர்கள் அடுத்த முறை லாட்ஜில் அறை கேட்கும்போது, டிரைவருக்குப் படுக்க இடமுண்டா என்று கூடவே கேட்பார்களாக. இடம் கிடைத்த காரணத்தைக் காட்டிப் பேட்டாவில் ஒரு ரூபாயும் குறைக்காதிருப்பார்களாக. அவ்வாறு செய்வோருக்கு ஒன்பது கிரகங்களும் அனுகூலமாவதோடு, காலக்கிரமத்தில் அந்த டிரைவர் வாங்கும் வேனில் பன்னிருவரோடு நெருக்கிக்கொண்டு நவக்கிரக யாத்திரை போகும்போது, கேளாமலே ஜன்னலோர இருக்கையும் சித்திக்கும்.