சீமெண்ணெய்க்கு ஒரு கை, அரிசிக்கு ஒரு கை

எங்கள் வீட்டில் தண்ணீர் மொண்ட டின்னில் 'பர்மா ஷெல்' என்று எழுதியிருக்கும். அந்தக் கம்பெனியை 1976 ஜனவரியில் அரசு எடுத்துக்கொண்டதும், அடுத்த வருஷமே அது பாரத் பெட்ரோலியம் ஆனதும் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்ட லயத்துக்கு வந்துசேராத சேதிகள். அடி துருப்பிடித்து ஓட்டையாகிற வரைக்கும் எங்களுக்கு அது பர்மாசெல் டின்தான். அரசுடைமை ஆன பிறகும் தண்ணீர் அதே ஓட்டை வழியாகத்தான் ஒழுகியது.

என்னை ரேஷன் கடைக்கு அனுப்பும்போது அம்மா தவறாமல் சொல்வாள்: "சீமெண்ணெய ஒரு கையில பிடி, அரிசிய ஒரு கையில பிடி. ரெண்டையும் சேத்துக் கொண்டாந்தே, ஒரு வாரத்துக்குச் சோறு விளக்கு வாசம் அடிக்கும்." கழுத்தில் சணல் கட்டிய புட்டி, வாயை அடைக்க வாழைமட்டைத் துண்டு. கடைக்காரரின் லிட்டர் பாத்திரத்தின் அடி, யாரோ முஷ்டியால் குத்தியதுபோல் உள்ளே ஒடுங்கியிருக்கும். கீழே விழுந்துவிட்டதாம். அத்தனை கடையிலும் லிட்டர் பாத்திரம் மட்டும் சொல்லிவைத்தாற்போல் அடிபட விழுவது எப்படி என்று கேட்க அப்போது எனக்கு வயசு போதவில்லை. வயசு வந்தபோது நானே அளக்கிற பக்கம் போய்விட்டேன்.

பத்தாவது முடித்துச் சில வருஷம் அங்கே இங்கே அலைந்துவிட்டு, மாமாவின் தயவில் மலையிறங்கி பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். ஒரு பெட்ரோல் பங்க்கில் கணக்கெழுதும் வேலை. எந்தக் கம்பெனி போர்டு என்று கேட்காதீர்கள், முப்பது வருஷம் தின்ற உப்பு. காலை ஆறு மணிக்கு டேங்க் மூடியைத் திறந்து டிப் ராடை இறக்க வேண்டும். நுனியில் ஒரு பேஸ்ட் தடவியிருக்கும். அடியில் தண்ணீர் நின்றால் அதன் நிறம் மாறும். ராடை உருவியெடுத்து, ஈரம் ஏறிய கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து சென்டிமீட்டர் படித்து, சார்ட்டில் அதற்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாசங்களில், படிப்பதற்குள் பெட்ரோல் கோடு காய்ந்துவிடும். சீக்கிரம் படித்துவிடுவேன் என்று எனக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயரே இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் கணக்கு முடிந்ததும் கம்பெனி அதிகாரி வருவார். எம்.எஸ். என்றால் பெட்ரோல், எச்.எஸ்.டி. என்றால் டீசல், அப்புறம் லூப், அதாவது மசகு எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: போன வருஷத்தைவிட எத்தனை சதவீதம்? 2020 ஏப்ரலில் ஊரே பூட்டிக் கிடந்தபோது நாசிலில் சிலந்தி கூடு கட்டாத குறைதான். அடுத்த ஏப்ரலை அந்த ஏப்ரலோடு வைத்துச் சதவீதம் போட்டுப் பார்த்தால் எங்கள் பங்க் வானத்துக்கு ஏறியிருந்தது. அதிகாரி முகக்கவசத்தோடு கும்பிட்டுப் பாராட்டினார். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கும்பிடு முந்தின வருஷம் ஊரைப் பூட்டியவர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் கணக்கும் இதே பாணிதான், பூஜ்யங்கள் மட்டும் கூடுதல். 2023-24இல் பாரத் பெட்ரோலியம் உள்நாட்டில் விற்றது 5 கோடி டன்னுக்கு மேல். இந்தியன் ஆயில் 2024-25இல் ஏற்றுமதியும் சேர்த்து 10 கோடி டன்னைத் தாண்டியது. டீசல், பெட்ரோல், சமையல் கேஸ், விமான எரிபொருள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால், நான் பிறந்து வளர்ந்த வரி கடைசியில், யாரும் கண்டுகொள்ளாத பந்தியில் இருக்கும்: மண்ணெண்ணெய். 2014-15இல் நாடு முழுக்க 70 லட்சம் டன்னுக்கு மேல் போனது, 2022-23இல் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. விளக்கெல்லாம் அணைந்து வீடெல்லாம் கேஸ் வந்ததுதான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ரேஷன் எண்ணெய்க்கு நீலச் சாயம் எதற்குப் போட்டார்கள் என்று லாரிக்காரர்களைக் கேளுங்கள். ஏழை வீட்டு விளக்குக்கென்று அளந்ததில் ஒரு பங்கு டீசலோடு கலந்து மலையேறிக்கொண்டிருந்தது.

கேஸ் வந்த கதையிலும் எல்லைக்கோடு ஒன்று உண்டு. 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோது போடிநாயக்கனூர் அத்தை வீட்டில் அடுப்பு வந்திறங்கியது. போடிமெட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் அம்மா கேரள கார்டுக்காரி, அவளுக்குக் கிடையாது. அத்தை வீட்டுக்குப் போய் நீலச் சுடரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "புகையே இல்ல, ருசியும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு காசு கொடுத்து வாங்கியபோது ருசி வந்துவிட்டது.

இப்போது எல்லைக்கோடு பெட்ரோல் பக்கம் நகர்ந்திருக்கிறது. அம்பலமுகளில் உள்ள கொச்சி ரிஃபைனரியிலிருந்து ஒரு குழாய் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை இருகூருக்கும் அங்கிருந்து கரூருக்கும் போகிறது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கேரளத்தில் சுத்திகரித்த எண்ணெய் மண்ணுக்கு அடியில் கிழக்கே போகிறது. மண்ணுக்கு மேலே எங்கள் ஊர் பைக்குகளும் அதையே தேடிக் கிழக்கே போகின்றன, கோபாலபுரம் எல்லை தாண்டினால் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் என்று. 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. அந்த 2 ரூபாய் நலத்திட்ட ஓய்வூதியத்துக்காம். ஓய்வூதியம் வாங்குகிற பெரியவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பையன் கோபாலபுரத்துக்குப் போய் பெட்ரோல் போடுகிறான்.

போதாக்குறைக்கு எத்தனால். எங்கள் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது, பல ஜில்லாக்களுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. இப்போது பெட்ரோலிலேயே நூற்றுக்கு இருபது எத்தனால். அதன் அடியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சுபாவத்தை எங்கள் ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

போன வாரம் ஸ்கூட்டரில் முள் சிவப்பைத் தொட்டது. நான் முப்பது வருஷம் டிப் பார்த்த பங்க் வலது பக்கம். வாசலில் நின்ற பையன் என்னைப் பார்த்து, "அண்ணா, வாங்க" என்று நாசிலை எடுத்தே விட்டான். பொள்ளாச்சியில் அவசர வேலை என்று கையால் ஜாடை காட்டிவிட்டு நேரே விட்டேன். எல்லை தாண்டி முதல் பங்க்கில் வரிசை. முன்னால் நின்ற ஏழு வண்டியும் கே.எல். நம்பர். மூன்றாவதாக நின்றவர் எங்கள் பழைய முதலாளியின் மருமகன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்றான் பையன்.

பார்த்துக்கொண்டேன்.