அடுத்த ஜூனில் வருபவர்

அடுத்த ஜூனில் வந்துவிடுவார். ஜூன்தான் தோது. நியூஜெர்சியில் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிகிற மாதம், இங்கே திறக்கிற மாதம். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்பு ஆரம்பித்துவிடுமே என்று யாராவது சொன்னால் முகம் மலர்ந்துவிடும். "பாத்தியா, இதை நான் யோசிக்கவே இல்ல. அப்ப இந்த ஜூன் கஷ்டம்தான்."

நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. எடிசனில் ஒருவர், டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் ஒருவர், கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஒருவர் என்று உங்கள் வீட்டுக்கும் ஒருவர் இருப்பார். சகித்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் இவரிடம் நிறைய உண்டு. தண்ணீர் பாட்டிலின் மூடியை உற்றுப் பார்ப்பார். ஆட்டோவுக்குக் கொடுத்ததை டாலராக்கி, மலிவு என்று சந்தோஷப்பட்டு, அப்புறம் ஏமாந்துவிட்டோமோ என்று வருத்தப்படுவார். அதெல்லாம் போகட்டும். அந்த எக்ஸெல்தான் தாங்க முடியவில்லை.

ஃபைலின் பெயர் 'ஆர்2ஐ ஃபைனல்'. ஆர்2ஐ என்றால் ரிட்டர்ன் டு இந்தியா. அங்கே நம்மவர்கள் கூடுகிற பிறந்தநாள் விருந்துகளில் கேக் வெட்டி முடித்ததும் ஆண்கள் பக்கம் இந்தப் பேச்சுதான் ஓடும். 'ஃபைனல்' முதலில் வந்தது. பிறகு 'ஃபைனல் 2', 'ஃபைனல் லேட்டஸ்ட்', 'இதைத்தான் பார்க்கவும்' எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே சனி இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் டிஷ்வாஷரில் ஏறிய நேரத்தில், போன் வரும். "டேய், ரெண்டே நிமிஷம். ஷீட்டைத் திற."

இடது ஓரத்தில் காரணிகள். அடுத்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை வெயிட்டேஜ் என்பது. அப்புறம் யுஎஸ், இந்தியா என்று இரண்டு பத்திகள். கடைசியில் ரிமார்க்ஸ். கொசுவுக்கு இந்தியாவில் மைனஸ் நான்கு. ஜனவரியில் வாசல் பனியை வாரிப்போடும் வேலைக்கு யுஎஸ்ஸில் மைனஸ் நான்கு. ஹாரன் சத்தம் மைனஸ் ஐந்து. நியூஜெர்சி வீட்டு வரி மைனஸ் ஐந்து. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது பிளஸ் ஆறு. அந்த ஆள் சொல்லாமல் லீவு போடுவது மைனஸ் இரண்டு. ஃபில்டர் காபிக்கு மட்டும் தனியாக ஐந்து மதிப்பெண். அங்கேயும் டிக்காஷன் போட்டுத்தானே குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பால் சரியில்லையாம்.

கூட்டிப் பார்த்தால் இந்தியா ஜெயித்துவிடும். உடனே குரல் மாறும். "இல்லடா, ஏதோ மிஸ் ஆகுது." டிராஃபிக்கைச் சேர்ப்பார், தெருநாயைச் சேர்ப்பார், நீட் தேர்வைச் சேர்ப்பார். இப்போது அமெரிக்கா ஜெயிக்கும். அது இவரை இன்னும் கலக்கிவிடும். பெற்ற தாயையும் பிறந்த ஊரையும் கணக்கில் தோற்கடித்துவிட்டோமே என்று மனசு கேட்காது. ஃபில்டர் காபியை ஐந்திலிருந்து ஏழாக ஏற்றுவார். மார்கழி கச்சேரிக்கு ஒரு வரி போடுவார். இத்தனைக்கும் சீசனுக்கு வந்தால் கேன்டீனைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஒரு மணி நேரம் இப்படி ஏற்றி இறக்கி, இரு நாடுகளும் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் வந்து நின்றதும், நிம்மதியாக ஒரு பெருமூச்சு விடுவார். "ரொம்ப க்ளோஸா இருக்குடா. அவசரப்படக் கூடாது."

அவசரப்பட்டார் என்று இவர் மேல் யாரும் பழி சொல்ல முடியாது. 2008இல் கிளம்புவதாக இருந்தார். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. ஊரே வேலை போய் நிற்கும்போது இருக்கிற வேலையை விடுவது பைத்தியக்காரத்தனம் என்றார். சில வருஷத்தில் நிலைமை தேறியது. நல்லாப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது விடுவார்களா என்றார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019இல் அதே சென்னை தண்ணீர் இல்லாமல் லாரிக்குப் பின்னால் ஓடியது. 2020இல் கொரோனா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி வெள்ளம். ஒவ்வொன்றும் ஷீட்டில் ஏறியது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தனித்தனி வரி, இரண்டும் மைனஸ்.

2025 செப்டம்பரில், புதிய எச்1பி விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்ததும் போன் வந்தது. நேரம் காலம் பார்க்காத போன். "டேய், இது ஒரு சைன்டா. போதும். கிளம்பிட வேண்டியதுதான்." எனக்கே நெஞ்சு அடைத்தது. இவருடைய அம்மாவிடம், அதாவது என் பெரியம்மாவிடம், சொல்லிவிட்டேன். அது புதிய மனுக்களுக்குத்தான், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இல்லை என்று விளக்கம் வந்த பிறகு மறுபடி கூப்பிட்டார். "நமக்கு இல்லையாம்டா." நிம்மதியும் ஏமாற்றமும் இவ்வளவு சம அளவில் கலந்த குரலை நான் கேட்டதில்லை.

கிரீன் கார்டு வந்தால் கிளம்பிவிடுவாராம். அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை கிடைத்தால்தான் அங்கிருந்து நிம்மதியாகக் கிளம்ப முடியும் என்பது முதலில் எனக்கும் பிடிபடவில்லை. பொறுமையாக விளக்குவார். வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. இந்தியர் வரிசையோ அனுமார் வால். மாதாமாதம் விசா புல்லட்டின் வரும். சில மாதம் தேதி முன்னே நகரும், சில மாதம் பின்னுக்கே போகும். அட்டை வந்தாலும், எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட முடியாது. உரிய அனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் அட்டைக்கே ஆபத்து. ஆகவே சிட்டிசன்ஷிப். அதற்கு அட்டை வந்து ஐந்து வருஷம். 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை அபராதம் இல்லாமல் எடுக்க வயது ஐம்பத்தொன்பதரை. மெடிகேர் என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு அறுபத்தைந்து. ஆக, ஊர் திரும்ப உகந்த வயது அறுபத்தைந்து. அந்த மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே அநேகமாகச் செல்லாது என்பது ஷீட்டின் வேறொரு வரியில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தவரிடம் யோசனை கேட்க ஆள் வராமல் இருக்குமா? திரும்பி வருபவருக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லாமல் காக்கும் ஆர்என்ஓஆர் அந்தஸ்தைப் பற்றி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூட வேலை பார்த்த ஒருவர் இந்த ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். அதே கோடையில் வீட்டை விற்று, சாமானைக் கப்பலில் ஏற்றி, கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அங்கே சௌக்கியமாக இருக்கிறார். இவருக்கு அதில் வருத்தம். "அவன் ஷீட்டை முழுசாப் படிக்கலடா."

ஷீட்டுக்கு எண்கள் சும்மா வருமா? அதற்கு ஆள் வேண்டும். நாவலூரில் இவருக்கு ஒரு ஃபிளாட் உண்டு. வந்து இறங்கினால் குடியேறத் தயாராக இருக்க வேண்டும் என்று வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறார். சாவியும் பவர் பத்திரமும் என்னிடம். மெயின்டெனன்ஸ், கரன்ட் பில், சொத்து வரி கட்டுவது, மாதம் ஒருமுறை போய்க் குழாயைத் திறந்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு. போன தடவை வந்தபோது தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீரில் முக்கி, எண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினேன். "எந்த டாப்? கிச்சனா, பாத்ரூமா? மெட்ரோ வாட்டரா, லாரியா?" திரும்பப் போய் எல்லாக் குழாயிலும் முக்கினேன். அப்புறம் சத்தம். போனில் டெசிபல் பார்க்கும் செயலியை இறக்கி, ஓஎம்ஆரைப் பார்த்த பால்கனியில் நின்று காலையில் ஒரு ரீடிங், இரவில் ஒரு ரீடிங். கையை நீட்டிக்கொண்டு நான் நிற்பதைக் கீழிருந்து பார்த்த வாட்ச்மேன் மேலேறி வந்தார். "சார், சிக்னல் கெடைக்கலையா?" விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "வரணும்னு நெனைக்கறவரு எதுக்கு சார் இதையெல்லாம் அளக்கறாரு?"

ஒன்று சொல்லியாக வேண்டும். இவர் பாசமில்லாத ஆள் இல்லை. என் தங்கை மகளுக்கு இன்ஜினீயரிங் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றபோது, யாரும் கேட்காமலே பணம் வந்தது. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷீட்டில் அதற்கு வரியும் இல்லை. இங்கே வந்து இறங்கினால், ஜெட்லாக்கில் விடியற்காலை நாலரைக்கே எழுந்து, நங்கநல்லூர் தெருக்களைச் சுற்றிவிட்டு வருவார். எந்த வீடு இடிந்து அடுக்குமாடி ஆனது, எந்த வாசலில் இருந்த வேப்பமரம் போனது, இஸ்திரி வண்டிக்காரர் மகன் என்ன படிக்கிறான் என்று அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் எனக்கு இவர்தான் சொல்லுவார். அப்போதெல்லாம் தோன்றும், இந்த மனிதர் பேசாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று. சாயங்காலம் லேப்டாப்பைத் திறப்பார். தோன்றியது போய்விடும்.

முப்பத்தோராவது வரி, அம்மா. ஆரம்பத்தில் இந்தியாவுக்கு எட்டு மதிப்பெண். பெரியம்மா வாட்ஸ்அப்பில் வீடியோ கால் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஆறு. பாத்ரூமில் வழுக்கி விழுந்த மாதம் ஒன்பது. எலும்பு கூடியதும் பழையபடி ஆறு. விழுந்த சேதி போய்ப் பத்தே நிமிஷத்தில் எடிசனிலிருந்து கைப்பிடிக் கம்பி ஆர்டர் போட்டார், மறுநாளே வந்தது. டைல்ஸில் துளை போட்டு அதை மாட்டியவன் நான்.

அதற்கு இரண்டு வரி கீழே, 'லோக்கல் சப்போர்ட்' என்று ஒன்று. யாரடா இது என்று பார்த்தேன். நான்தான். மூன்று மதிப்பெண். கொசுவைவிட ஒன்று கம்மி. சரி, அதுவாவது கிடைத்ததே என்று நினைத்தபோதுதான் கவனித்தேன், அந்த மூன்று விழுந்திருப்பது யுஎஸ் பத்தியில். ரிமார்க்ஸில் ஒரே சொல்: 'ரிலையபிள்'. இங்கே அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அதனால் அங்கேயே இருக்கலாம். நவம்பரில் ரயில்வே பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க நான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் போக, அமெரிக்காவின் மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரியம்மா இந்தக் கணக்கிலெல்லாம் தலையிடுவதில்லை. "அவன் வர்றப்ப வரட்டும்டா. நீ என்னைக் கண்ணு ஆஸ்பத்திரிக்கு எப்பக் கூட்டிட்டுப் போற?" என்கிறாள். என்னிடம்தான் கேட்கிறாள், அவரிடம் கேட்பதில்லை.

அங்கேயே இருப்பதில் ஒரு தப்பும் இல்லை அண்ணா. பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், அவர்களுக்கு அதுதான் ஊர். வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால், அந்த ஃபிளாட்டில் ஒரு குடித்தனம் வரும், வாடகையில் பெரியம்மாவுக்குப் பகலில் துணைக்கு ஒரு ஆள் போடலாம், நானும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூங்குவேன். அந்த வார்த்தை வாயில் வராது என்றால் பரவாயில்லை, அடுத்த ஜூன் அடுத்த ஜூன் என்றே சொல்லிக்கொண்டிருங்கள், எனக்குப் பழகிவிட்டது. பவர் பத்திரத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு, டிடிஎஸ் மீட்டரை யாரிடம் கொடுப்பது என்று சொல்லுங்கள்.