டேங்கிலும் ஒரு கூடுதுறை

கேள்வி: மஞ்சள் காட்டுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை ரெண்டு மாசம் சும்மா வைத்திருந்து எடுத்தால், கயிறு இழுத்தே கை ஓய்ந்துபோகுதுங்க. எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?
- வாசகர், பவானி

பதில்: பாதிப் பழி அதற்குத்தானுங்க. உங்கள் ஊர்க் கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாகக் கூடுவதாக நம்பப்படும் அமுத நதி தெரியாது. உங்கள் டேங்கிலும் மூன்று கூடுகின்றன: பெட்ரோல், 20% எத்தனால், கண்ணில் படாமல் காற்றிலிருந்து எத்தனால் இழுத்துக்கொள்ளும் ஈரம். தண்ணீர் மிகுந்தால் எத்தனாலும் அதோடு பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், பச்சையாகப் படிந்திருக்கலாம். பழைய ரப்பர் குழாயும் உப்பி விரிசல் விடும். எத்தனாலால் கரும்பு விவசாயிக்குக் காசு கிடைக்கிறது, அது நல்லது. மஞ்சள் விவசாயி செய்யவேண்டியது ஒன்றுதான்: சீசன் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு எடுத்துவையுங்கள். ஆறு தேங்கினால் அணை. பெட்ரோல் தேங்கினால் செலவு!