ஆப்பிள் கள்ளுக்கு எதுக்குலே இம்புட்டு அலப்பற?

ஏலே பேராண்டி, அந்தக் கிளாஸக் கொஞ்சம் கீழ வையி. வச்சிட்டியா? இப்பம் சொல்லு. எதுக்கு அதுக்குள்ள மூக்க விட்டு அம்புட்டு நேரம் துழாவுன? உள்ள ஏதும் தொலைச்சிட்டியா?

"தாத்தா, இதுல ஈர மண் வாசம் வருது, பழைய மர வாசம் வருது, கடைசியில லேசா குதிரை லாயம் தெரியுது"ன்னு சொல்லுத. தெரியாம என்ன செய்யும்? இங்கிலாந்துல இந்த ஹெரிஃபோர்ட்ஷயர் தோட்டத்துல ஈர மண்ணுல விழுந்து கெடந்த பழம். அதப் பெறக்கிப் பிழிஞ்சு பழைய பீப்பாயில ஊத்தி வச்சிருக்கான். லாயம் பக்கத்துலதான் இருக்கு. இதக் கண்டுபிடிக்கவா காசு கெட்டி வகுப்புக்குப் போன? என்னையக் கேட்டிருந்தா ஓசியில சொல்லியிருப்பேனே.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. எம் மவ நர்ஸு வேலைக்கு இந்தப் பக்கம் வந்ததுலேருந்து அறுவடைக் காலத்துல நான் இங்கனதான் கெடக்கேன். பக்கத்துத் தோட்டக்காரன் ஒருத்தன், அவனும் கெழவன். அவன் பேசுத இங்கிலீஷு எனக்கு வெளங்காது, நான் பேசுதது அவனுக்கு வெளங்காது. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை வரல.

இந்த ஆப்பிள் கள்ளத்தான் சைடர்னு சொல்லுதாங்க. மொதல்ல அதுக்கான பழத்தப் பாரு. கடையில பளபளன்னு மெழுகு தடவி அடுக்கி வச்சிருக்கான்லா, அது இல்ல இது. கிங்ஸ்டன் பிளாக்னு ஒரு சாதி உண்டு. சின்னதா, கருஞ்செவப்பா, பாத்ததுமே கை நீளும். ஒரு கடி கடி. புளிப்பு சுருக்குனு வரும். பொறவு துவர்ப்பு வந்து நாக்கையும் கன்னத்தையும் சேத்து இழுத்துப் பிடிச்சிரும். தண்ணி எங்கன்னு தேடுவ. அந்தத் துவர்ப்புலதான் சங்கதியே இருக்கு. வெறும் இனிப்புப் பழமாப் பிழிஞ்சு வச்சா, இனிப்பு பூரா சாராயமா மாறுன பொறவு நாக்குல நிக்கதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

பழத்த நாலு வகையாப் பிரிக்காங்க. இனிப்பு, புளிப்பு, துவர்ப்போட இனிப்பு, துவர்ப்போட புளிப்பு. பிரிஸ்டல் பக்கத்துல லாங் ஆஷ்டன்ல சைடருக்குன்னே 1903ல ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்குனாங்க, அவங்க பிரிச்சு வச்சது. 2003ல அதையும் மூடியாச்சு. அவங்க குழாயில ஊத்தி அளந்து சொன்னத எங்க தோட்டக்காரன் கடிச்சுத் துப்பிச் சொல்லிருவான். ரெண்டு பேரு கணக்கும் பெருசா மாறாது.

யார்லிங்டன் மில்னு ஒரு பேர்போன சாதி இருக்கு. சோமர்செட்ல ஒரு ஆலையோட சுவத்து இடுக்குல தானா மொளச்ச செடின்னு சொல்லுவாங்க. எவன் தின்னு துப்புன விதையோ! ஆப்பிள் விதையப் போட்டா தாய் மரம் மாதிரி வராது, என்ன வரும்னு எவனுக்கும் தெரியாது. நல்லதா ஒண்ணு வாச்சா அதோட கொப்ப வெட்டி ஒட்டுக் கட்டித்தான் பெருக்கணும். ஆக, இன்னிக்கு நீ கிளாஸச் சுழட்டிச் சுழட்டி அதிசயிக்கியே, அதுக்கெல்லாம் மூலம் எங்கயோ ஒரு ஓரத்துல யாரும் கவனிக்காம மொளச்ச ஒத்தச் செடி. பழத்துக்கு வச்ச பேரும் அப்படித்தான். ஆட்டு மூக்குன்னு ஒண்ணு, நரிக்குட்டின்னு ஒண்ணு, பழுப்பு மூஞ்சின்னு ஒண்ணு. இப்பம் பாட்டிலுக்குப் பேரு வைக்கான் பாரு, 'அந்திப்பொழுதின் மௌனம்'னு. மௌனத்தப் பிழிஞ்சா எத்தன லிட்டர்லே வரும்?

சைடர் பழத்த யாரும் ஏணி வச்சுப் பறிக்க மாட்டான். தானா விழணும். விழாததுக்கு நீளக் கழி ஒண்ணு வச்சு உலுக்குவான். புல்லுல கெடக்குறதக் குனிஞ்சு பெறக்கணும். இந்தக் குனியுற வேலைதான் ஒங்க விளம்பரத்துல ஒரு படத்துலயும் காணல. சூரியனுக்கு எதுக்க ஒரு பொண்ணு ஒத்தப் பழத்தக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்கா. ஒத்தப் பழம்! அவ வேகத்துக்குப் பெறக்குனா அடுத்த அறுவடையும் வந்துரும். நிசத்துல ஈரப் புல்லு, குளவி, முதுகு வலி, நகக்கண்ணுல சேறு.

பெறக்குனத ஒடனே அரைக்கவும் மாட்டான். குவிச்சுப் போட்டுக் கொஞ்ச நாளு கனிய விடுவான். கட்டவெரல வச்சு அமுக்குனா உள்ள போவணும். அப்பம்தான் அரைப்பு. முன்ன கல்லுத் தொட்டியில பெரிய கல்லுச் சக்கரம், அத இழுக்க ஒரு குதிரை. இப்பம் மோட்டாரு. அரைச்ச கூழ மூட்டத் துணியில பரப்பி நாலு பக்கமும் மடிச்சு, அதுக்கு மேல இன்னொரு துணி, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு அடுக்குவான். துணி வராத காலத்துல வைக்கோல். இதப் பக்கத்துல நின்னு பாத்திருக்கியா நீ? அடுக்கி முடிஞ்சு, இன்னும் திருகக்கூட இல்ல, அதுக்குள்ள தன் பாரத்துலயே சாறு கசிய ஆரம்பிச்சிரும். மொதல்ல வெளிறிப்போயி வரும். கண்ணு முன்னால, காத்துப் பட்டுப் பட்டு, தேத்தண்ணி நெறத்துக்குக் கறுத்துக்கிட்டே போவும். ஒரு தம்ளர் பிடிச்சுக் குடிச்சுப் பாரு. அம்புட்டு இனிப்பு. மிச்சச் சக்கை காஞ்ச தோசையாட்டம் தட்டையா வரும். அது பன்னிக்கு. பன்னி ருசிக் குறிப்பு ஒண்ணும் எழுதாது.

பொறவு? பொறவு ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் ஒங்களுக்கு ஆவாத வேல. சாறு பீப்பாயில கெடக்கும். பழத்தோலுலயும் ஆலை மரத்துலயும் ஒட்டியிருக்க ஈஸ்ட்டு தானா வேலையத் தொடங்கும். நுரை பொங்கும். பீப்பாய் வாயில காத வச்சா உசுனு ஒரு சத்தம். நம்மூருல பனையில கட்டுன கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவலன்னா காலையில எறக்கையிலயே பதனி கள்ளாயிருக்கும். வெயிலு அப்படி. இங்க குளிரு. அதே வேலைக்கு ஒரு பனிக்காலம் பூரா எடுத்துக்கிடும். வசந்தத்துல மரம் பூக்குத சமயத்துக்குத்தான் குடிக்கதுக்குப் பதமா வரும். அவசரப்பட்டவனுக்கு வயித்தாலதான் பதில் கெடைக்கும்.

இப்படிக் காத்துக் கெடந்து செஞ்சதுல நீ என்ன பண்ணுத? ஐஸக் கொட்டுத. ஏன்னு கேட்டா எல்லாரும் அப்படித்தான் குடிக்காங்கன்னு சொல்லுத. எல்லாருக்கும் யாரு சொல்லிக் குடுத்தா? 2000க்கு அப்புறம் அயர்லாந்துக் கம்பெனி ஒண்ணு டிவியில விளம்பரம் போட்டுச் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்குப் பொறவு மாம்பழ வாசம், ஸ்ட்ராபெரி வாசம். சாறு 35 சதவீதம் இருந்தாப் போதும், சைடர்னு பேரு போட்டுக்கலாம்னு பிரிட்டன்ல வரிச்சட்டமே இருக்கு. மிச்சம் என்னன்னு சட்டையப் பிடிச்சு எவனும் கேக்கல. பாட்டில்ல மட்டும் தோட்டம், வேலி, வைக்கோலு, ஒரு கெழவன். அந்தக் கெழவன் வேற ஆளுலே, நான் இல்ல.

அதுக்காக, அந்தக் காலத்துல எல்லாம் அமிர்தம்னு புலம்புதவன் பேச்சையும் நம்பிராத. டெவன் பக்கம் சைடர் குடிச்ச சனங்க வயித்துவலியில துடிச்சுச் செத்திருக்காங்க. கை கால் விழுந்தவங்களும் உண்டு. அதுக்கு டெவன் வயித்துவலின்னு பேரே இருந்துச்சு. 1767ல ஜார்ஜ் பேக்கர்ங்கிற டாக்டரு டெவன் சைடரயும் ஹெரிஃபோர்ட்ஷயர் சைடரயும் சோதிச்சுப் பாத்தாரு. டெவன் சரக்குல ஈயம் இருந்துச்சு, ஹெரிஃபோர்ட்ஷயர்ல இல்ல. டெவன் ஆலையில கல்லு இடுக்க ஈயத்த வச்சுப் பூசியிருக்கான். சாறோட புளிப்பு அதக் கரைச்சுக் குடிக்கக் குடுத்துருச்சு. அவரும் டெவன்காரருதான். சொந்த ஊருச் சரக்குக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தாருன்னு ஊருல அவரத் திட்டித் தீத்தாங்க. உண்மையச் சொன்னவனுக்கு அங்கயும் அந்த மரியாதைதான்.

கூலிக்கும் சைடரக் குடுத்திருக்கான். வயல்ல வேலை பாக்கவன் சின்ன மரக்குடுவை ஒண்ணத் தோள்ல மாட்டிக்கிட்டு வருவான், பண்ணையாரு நெரப்பிக் குடுப்பாரு, கூலியில அதுக்கும் ஒரு பங்கு கழிச்சுக்கிடுவாரு. பொண்டாட்டி புள்ளைக்கு அரிசி வாங்க... அங்க ரொட்டி வாங்கன்னு வையி, குடுவையையா கொண்டு போவ முடியும்? 1887ல சட்டம் போட்டு நிறுத்துனாங்க.

அரசாங்கமும் சும்மா இருக்கல. 1763ல பியூட் பிரபு மந்திரி சபை சைடருக்கு வரி போட்டுது, ஒரு பெரிய பீப்பாய்க்கு 4 ஷில்லிங். வரியக்கூடச் சனம் பொறுத்திருக்கும். வரிக்காரன் வீட்டுக்குள்ள நொழைஞ்சு பீப்பாயத் தட்டிப் பாக்கலாம்னு வச்சான் பாரு, அங்கதான் தீப்பிடிச்சுது. மேற்குச் சீமையே கொதிச்சுப் போச்சு. வில்லியம் பிட்டு நாடாளுமன்றத்துல எந்திரிச்சு எதுத்துப் பேசுனாரு. பியூட் அந்த வருசமே பதவிய விட்டுப் போயாச்சு. 1766ல வரியும் போச்சு.

நீ செய்யுத அலப்பறையும் ஒண்ணும் புதுசு இல்ல, அதுல பெருமைப்பட வேண்டாம். 350 வருசத்துக்கு முன்னயே ஹெரிஃபோர்ட்ஷயர் பிரபுக்கமாரு அதச் செஞ்சு முடிச்சிட்டாங்க. ஸ்கூடமோர் பிரபுன்னு ஒருத்தரு ரெட்ஸ்ட்ரீக் பழத்து மேல பித்தா அலைஞ்சவரு. சைடர் குடிக்க ஒசரமா, ஒல்லியாக் கண்ணாடிக் குவளை செஞ்சு, அதுல குடும்பச் சின்னத்தையும் செதுக்கி வச்சிருந்தாரு. அது இன்னிக்கு லண்டன் மியூசியத்துல பத்திரமா இருக்கு. 1664ல ஜான் ஈவ்லின்னு ஒரு எழுத்தாளரு சைடரப் பத்தித் தனியா ஒரு பகுதியே எழுதி, மரங்களப் பத்தின தன் புத்தகத்தோட சேத்து அச்சடிச்சாரு. அதுக்கு ரெண்டு வருசம் முன்ன, ஜான் பீல்ங்கிற பாதிரியாரு, பாட்டில்ல அடைக்கையில வால்நட் கொட்டை அளவு சர்க்கரை போடணும்னு ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்துக்கு எழுதிக் குடுத்தாரு. உள்ளயே பொங்கி நுரைக்கும்லா, அதுக்கு. ஷாம்பெயினுக்குத் தகப்பன்னு பிரெஞ்சுக்காரன் தூக்கி வைக்கான் பாரு, டாம் பெரின்யோன் சாமியாரு, அவரு மடத்துக்கு வந்து சேந்ததே 1668ல. இத நீ பாரிஸ் போனா சத்தமாச் சொல்லாத, சாப்பாடு கெடைக்காது.

வித்தை காட்டுதவனையும் நான் ஒரேயடியா வைய மாட்டேன். ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ்னு ஒரு சீமை. அங்க ஊத்திக் குடுக்கவன் பாட்டில ஒரு கையில தலைக்கு மேல தூக்குவான், கிளாஸ மறு கையில இடுப்புக்குக் கீழ எறக்குவான். கிளாஸப் பாக்கவும் மாட்டான். நூலு பிடிச்சு விழும். எதுக்கு? அங்க சைடர்ல வாயு கொறச்சல். ஒசரத்துலேருந்து கிளாஸ் ஓரத்துல மோதுனாத்தான் கொஞ்சம் முழிச்சிக்கிட்டு நுரைக்கும். நுரை அடங்கதுக்குள்ள ஒரே மடக்கா விழுங்கணும். ரெண்டு விரக்கடைதான் ஊத்துவான். கடைசிச் சொட்ட வாய் வச்ச பக்கமாத் தரையில ஊத்திக் கழுவிட்டு அடுத்தவன்கிட்ட குடுக்கணும், கூட்டத்துக்கே ஒரு கிளாஸு. 2024ல யுனெஸ்கோவே அத மரபுப் பட்டியல்ல சேத்துக்கிட்டுது. நீ அத வீட்டுல செஞ்சு பாத்த கதை எனக்குத் தெரியும். ஒங்கம்மா இன்னும் அந்தக் கம்பளத்தக் காயப் போட்டுக்கிட்டு இருக்கா.

ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்காரன் சாம்பல் நெறப் பீங்கான் கூசாவுல ஊத்திக் குடிக்கான். கிளாஸுல வரிவரியா வெட்டு. பன்னிக்கறி தின்ன எண்ணெக் கை வழுக்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க. அம்புட்டுதான், அதுக்கு மேல தத்துவம் பேசல.

நீ குடிக்கணுமா, குடி. ரொட்டி வச்சுக்கோ, செடார் பாலாடைக்கட்டி ஒரு துண்டு வச்சுக்கோ, அது சோமர்செட் சரக்கு. நெழல்ல வச்சிருந்த குளுமை போதும். பீர விட வீரியம் கூட, 6, 7 சதவீதம்லாம் சாதாரணம். வாய்க்கு இனிப்பாத் தெரியும், எந்திரிக்கையில முழங்கால்தான் மொதல்ல நியூஸ் சொல்லும். கார் சாவிய எங்கிட்ட குடுத்துராத, நானும் குடிச்சிருக்கேன். ஒங்க அத்தைகிட்ட குடு.

கொண்டாடணும்னு சொன்னியே, ஜனவரி 17க்கு வா. சோமர்செட்ல கார்ஹாம்ப்டன்னு ஒரு ஊரு. 1752ல காலண்டர மாத்துனப்ப எல்லாரும் புதுத் தேதிக்குப் போயிட்டாங்க, இவங்க பழைய கணக்குலயே நிக்காங்க. ராத்திரி தோட்டத்துக்குப் போயி, இருக்கதுலயே வயசான மரத்தச் சுத்தி நின்னு பாட்டுப் பாடுவாங்க. சைடர்ல நனைச்ச ரொட்டியக் கொப்புல சொருகுவாங்க, ராபின் குருவிக்கு. வேர்ல சைடர ஊத்துவாங்க. தட்டையும் சட்டியையும் போட்டு அடிப்பாங்க, மரத்துக்கு மேலால துப்பாக்கிய வெடிப்பாங்க. பேய ஓட்டத்தானாம். நல்லாக் காயின்னு மரத்துக்கிட்ட கேக்குத விழா அது. மொத மடக்கும் மரத்துக்குத்தான். அந்தக் கூத்த நான் கேலி பண்ண மாட்டேன். ஊரே கூடி மரத்துக்கு நன்றி சொல்லுதான், அதுல என்ன கொறைய இருக்கு?

ஆனா வந்தா ஒழுங்கா வரணும். வெல்வெட்டுக் கோட்டு, எறகு வச்ச தொப்பி எல்லாம் வேண்டாம், சேறு முழங்கால் வரைக்கும் ஏறும். ரப்பர் பூட்ஸு போட்டுக்கோ. ஒங்கம்மாகிட்ட கேட்டு ஒரு பழைய ஈயச்சட்டி, சவம் நெளிஞ்சதா இருக்கட்டும், கரண்டியோட கொண்டா. துப்பாக்கிக்காரன் எந்தப் பக்கம் நிக்கான்னு பாத்துட்டு அவனுக்குப் பின்னால நில்லு. ரொட்டியச் சொருகையில மேல பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத, சைடர் சொட்டுச் சொட்டாக் கண்ணுல விழும். போட்டோ எடுக்கணுமாக்கும், மொதல்ல சட்டிய அடி, பொறவு பாப்போம்.