எந்த உடம்புக்கு எந்தக் கை?

மசாஜ் பற்றி வாசகர்கள் கேட்டவையும் நமது பதில்களும்

கே: ஸ்பாவில் நீட்டும் அட்டையில் சுவீடிஷ், டீப் டிஷ்யூ, தாய்லாந்து, ஷியாட்சு, அபியங்கம் என்று வரிசையாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– வங்கி ஊழியர், கோவை

ப: அட்டையை மூடிவிட்டு உடம்பைக் கேளுங்கள். அசதி தீர வேண்டுமா, விறைப்பு விட வேண்டுமா, வலி குறைய வேண்டுமா? மன உளைச்சலும் தூக்கக் குறைவும் என்றால் சுவீடிஷ் அல்லது அபியங்கம். இரண்டிலும் எண்ணெய் தடவி நீளமாக நீவிவிடுவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இடுப்பும் தொடையும் விறைத்துப்போனவர்களுக்குத் தாய்லாந்து முறை. அதில் எண்ணெய் கிடையாது. தளர்ந்த உடையோடு தரை மெத்தையில் படுக்கவைத்து, கைகால்களை இழுத்தும் மடக்கியும் விடுவார்கள். ஷியாட்சு ஜப்பானியருடையது. உடைக்கு மேலேயே விரலாலும் உள்ளங்கையாலும் அழுத்துவார்கள். ஒரே இடத்தில் நாள்பட்ட இறுக்கம் இருந்தால் டீப் டிஷ்யூ. முதல் தடவையே அதைக் கேட்காதீர்கள். உங்கள் உடம்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது முதலில் தெரியட்டும்.

கே: முதுகுவலிக்கு டீப் டிஷ்யூதான் கேட்கும், மற்றதெல்லாம் வெறும் சுகம் என்கிறார் நண்பர். உண்மையா?
– லாரி செட் கணக்கர், நாமக்கல்

ப: இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 401 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜ், இன்னொரு பிரிவினருக்கு வலி தரும் தசைகளைக் குறிவைத்த மசாஜ், மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மசாஜ் வாரத்துக்கு ஒரு மணி நேரம், 10 வாரங்கள். மசாஜ் செய்துகொண்ட இரு பிரிவினரும் மூன்றாம் பிரிவினரைவிடத் தேறினார்கள். அந்த இரண்டு மசாஜுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வருஷம் திரும்பும்போது பலனும் குறைந்துவிட்டது. ஆகவே உங்களுக்கு இதமாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கூடவே நடையும் உடற்பயிற்சியும் இருக்கட்டும். வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ மசாஜ் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை.

கே: வலித்தால்தானே குணமாகும்?
– கபடி வீரர், ஒட்டன்சத்திரம்

ப: மூச்சைக் கவனியுங்கள், அது சரியாகச் சொல்லிவிடும். ‘ஆ, அந்த இடம்தான்’ என்று சொல்லவைக்கும் வலி பரவாயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால் அழுத்தம் அதிகம். தசை இளகுவதற்குப் பதில் இன்னும் இறுகும். மறுநாள் லேசான வலி இருக்கலாம். கன்றிப்போனாலோ மரத்துப்போனாலோ மறுபடி அந்தக் கையிடம் போகாதீர்கள்.

கே: எண்ணெய் தேய்த்துவிட்டால் தொப்பை கரையுமா?
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

ப: கரையாது. அங்கே வியர்ப்பது தேய்த்துவிடுபவருக்கு. தொப்பை கரைய நீங்கள் வியர்க்க வேண்டும்.

கே: மசாஜ் உடம்பிலுள்ள நச்சையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியேற்றும் என்கிறார்களே?
– மாரத்தான் ஓடும் ஆசிரியை, சென்னை

ப: கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. ஓட்டத்தில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடம்பே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். அடுத்த நாள் தொடையைப் பிடிக்கும் வலிக்குக் காரணம் தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதம். அந்த வலியை மசாஜ் ஓரளவு தணிக்கும். செய்துகொள்ள அந்தக் காரணம் போதும்.

கே: ஆடி மாதம் கேரளா போய் சிகிச்சை எடுக்க ஆசை. பிழிச்சலா, நவரக்கிழியா?
– ஓய்வுபெற்ற தம்பதி, நாகர்கோவில்

ப: நம் ஆடிதான் அங்கே கர்க்கடகம், மழைக்காலச் சிகிச்சைக்குப் பேர்போன மாதம். பிழிச்சலில், மரத்தோணியில் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தைலத்தில் துணியை நனைத்து உடம்பெங்கும் பிழிந்துகொண்டே தடவுவார்கள். நவரக்கிழியில், நவர அரிசியைக் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் குழைய வேகவைத்துத் துணியில் கிழியாகக் கட்டுவார்கள். கிழி ஆற ஆற, கொதிக்கும் பால்கஷாயத்தில் தோய்த்து, இருபக்கமும் நின்று ஒத்தித் தேய்ப்பார்கள். எது உங்களுக்கு என்பதை நீங்களும் நானும் முடிவுசெய்யக் கூடாது. நாடி பார்த்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கேட்டு, வைத்தியர் சொல்ல வேண்டும். பணம் கட்டும் இடத்திலேயே சிகிச்சையை முடிவுசெய்கிறார்கள் என்றால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

கே: கேரளாவுக்குத்தான் போக வேண்டுமா? நம்மிடம் ஒன்றும் இல்லையா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: ஏன் இல்லை! சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணமும் வர்ம சிகிச்சையும் தருகிறார்கள். படித்த மருத்துவரின் கண்பார்வையில் செய்துகொள்ளலாம். அரசு சித்த மருத்துவப் பிரிவுகளிலும் விசாரியுங்கள்.

கே: முடி வெட்டியதும் தலையில் தட்டி, கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது...
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

ப: தலையில் தட்டட்டும், தோளைப் பிடித்துவிடட்டும். கழுத்தை மட்டும் திருப்ப விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கழுத்தெலும்பை ஒட்டியே போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது நாளத்தின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வரை போகலாம். அது அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்துவிட்டால் குடும்பமே சாய்ந்துவிடும். ‘கழுத்து வேண்டாம் அண்ணே’ என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

கே: அம்மாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. கால் மசாஜ் இயந்திரம் வாங்கித் தரலாமா?
– மகள், திருச்சி

ப: முதலில் அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இயந்திரத்தைவிட உங்கள் கையே மேல். வெதுவெதுப்பான எண்ணெயை உங்கள் மணிக்கட்டில் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக நீவிவிடுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் தங்காமல் துடைத்துவிட்டு, புண்ணோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த அப்பாவுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தைலம் போட்டு உருவிவிடலாமா?
– மகன், காரைக்குடி

ப: தொடவே தொடாதீர்கள். மணிக்கணக்காக விமானத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உருவிவிட்டால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சல், தோலில் தொற்று, ஆறாத எலும்பு முறிவு இருக்கும்போதும் மசாஜ் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது.

கே: பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் மருமகள் தடுக்கிறாள். யார் பக்கம் நியாயம்?
– பாட்டி, விருதுநகர்

ப: தேய்ப்பதில் நியாயம் உங்கள் பக்கம், அம்மா. 1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் செய்த ஆய்வில், தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் நீவிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, இதிலெல்லாம் நியாயம் மருமகள் பக்கம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அவற்றை விட்டுவிட்டு, மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேய்த்துக் காட்டுங்கள்.

கே: தாய்லாந்து மசாஜ் என்றாலே ஒருமாதிரி பார்க்கிறார்கள். பெண்கள் எப்படி நம்பிப் போவது?
– மென்பொறியாளர், சோழிங்கநல்லூர்

ப: பாங்காக்கில் வாட் போ என்ற புத்தர் கோயிலில் கற்பித்து வளர்த்த கலை அது. 2019-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. சிலர் செய்யும் தப்புக்கு அந்தக் கலையைக் குறை சொல்லக் கூடாது. பெண்ணுக்குப் பெண்ணே செய்ய வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லுங்கள். எண்ணெய் மசாஜ் என்றால் எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அங்கே மட்டும் துண்டு விலக வேண்டும். சங்கடமாக இருந்தால் ‘போதும்’ என்று எழுந்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கே: நல்ல கை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், புதுச்சேரி

ப: தொடுவதற்கு முன் கேள்வி கேட்கும். என்ன வியாதி, என்ன மாத்திரை, எங்கே அறுவை சிகிச்சை, எங்கே தொடக் கூடாது என்று விசாரிக்கும். நடுவிலும் ‘அழுத்தம் சரியா?’ என்று கேட்கும். இது எதையும் கேட்காத இடம் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள். கேட்கும் இடம் சின்னக் கடையாக இருந்தாலும் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.