உதட்டு இன்ஸ்பெக்டர்

டாஸ் யார் ஜெயித்தது என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. பிட்ச் எப்படி என்றும் கேட்க மாட்டார். இரண்டு அணியும் தேசிய கீதத்துக்காக மைதானத்தில் வரிசைகட்டி நின்றதும் சோபாவிலிருந்து எழுவார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். மூக்குக்கண்ணாடியை ஒருமுறை துடைத்து மாட்டிக்கொள்வார். அவருடைய ஆட்டம் தொடங்கிவிட்டது.

"எல்லாரும் எழுந்திருங்க!"

கேமரா வரிசையின் ஒரு முனையிலிருந்து நகரும். பெரியப்பாவின் ஆள்காட்டி விரலும் கூடவே நகரும். அசையாமல் நிற்க வேண்டும் என்ற விதி வீட்டில் மற்றவர்களுக்குத்தான். அந்த விரல் டூட்டியில் இருக்கிறது. கேப்டன் பாடுகிறார், பாஸ். அடுத்தவர் உதடு அசைகிறது, ஆனால் பாட்டுக்கும் அசைவுக்கும் சம்பந்தமில்லை; போகட்டும், கிரேஸ் மார்க். மூன்றாமவர் கண்ணை மூடியிருக்கிறார். பக்தியா தூக்கமா, தீர்ப்பு ஒத்திவைப்பு. நாலாவது ஆள் வாயில் சூயிங்கம். தொலைந்தான். அன்றைக்கு அவன் சதமே அடித்தாலும் இந்த வீட்டில் ஒரு கைதட்டல் கிடையாது. பூஜ்யத்தில் அவுட்டானால் மட்டும் பெரியப்பா எல்லாரையும் ஒரு சுற்று பார்ப்பார். "நான் அப்பவே சொல்லல?"

வெளிநாட்டு அணிகளுக்கும் விலக்கில்லை. தென்னாப்பிரிக்காவின் கீதத்தில் ஐந்து மொழிகள் வரும். யார் எந்த மொழியில் வாயை மூடினார் என்று கணக்கெடுப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். "இது அவனுங்களுக்கே சிலபஸ் ஜாஸ்திடா" என்று அத்தனை பேரையும் பாஸ் போட்டுவிட்டார். கால்பந்தில்தான் நிஜமான சோதனை வந்தது. ஸ்பெயின் வீரர்கள் ஒருவர் விடாமல் வாயை இறுக மூடி நின்றார்கள். பெரியப்பாவின் விரல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், நம்பாமல் திரும்பி வந்தது. அவர்களுடைய கீதத்துக்கு அதிகாரபூர்வமான வரிகளே இல்லை, வெறும் இசைதான் என்று என் அண்ணன் மகள் விளக்கினாள். 2008இல் அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டி போட்டி வைத்து வரிகளைத் தேர்ந்தெடுத்ததையும், எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களிலேயே அவற்றைத் திரும்பப் பெற்றதையும் சொன்னாள். வாயைத் திறக்காமலே 2010 உலகக் கோப்பையை அவர்கள் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னாள்.

"பாட்டே இல்லாம என்னம்மா தேசிய கீதம்? நாயனக் கச்சேரியா?"

இந்த உத்தியோகம் உள்ளூர் சரக்கு மட்டுமல்ல. 1996இல் பிரான்ஸின் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென்னும் இதே கணக்கைத்தான் எடுத்தார். தேசிய கால்பந்து அணியில் பலர் கீதம் பாடுவதில்லை, அல்லது அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று குறைபட்டார். இரண்டே வருடத்தில், 1998இல், பிரான்ஸ் முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஸிதான்.

அண்ணன் மகள் படிப்பது சட்டம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் புத்தகத்தையே கொண்டுவந்துவிட்டாள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985இல் அவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். மறுவருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது: மரியாதையாக நின்றார்கள், அது போதும், பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பெரியப்பா நிதானமாகக் கேட்டார். "நிக்கணும்ல?"

"நிக்கணும், தாத்தா."

"சரி." அன்றிலிருந்து காலையும் சேர்த்துப் பார்க்கிறார்.

இவர் பாடும் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். முதல் வரி கணீரென்று வரும். பிரதேசப் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் குரல் இறங்கும், முணுமுணுப்பாகும், பிறகு வெறும் 'ம்ம்ம்'. கடைசியில் ஜயகோஷம் வரும்போதுதான் தெருமுனைவரை கேட்க மறுபடி எழும்பும். அவர் உதட்டுப் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பியதில்லை.

ஒரே ஒரு முறை விரல் கீழே இறங்கியது. 2021 ஜனவரி 7, சிட்னி டெஸ்ட். ஐந்து மணி ஆட்டத்துக்கு நாலரைக்கே வீட்டை எழுப்பிவிட்டார். கேமரா முகமது சிராஜிடம் வந்து நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அணியோடு ஆஸ்திரேலியாவில் இருந்தபோதுதான், நவம்பரில், அவருடைய அப்பா இறந்துபோனார். சிராஜ் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். சிராஜின் உதடு என்ன செய்தது என்று பெரியப்பா பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அதற்காகப் பெரியம்மாவின் வழக்கு தள்ளுபடியாகிவிடாது. இந்தியாவில் ஒருநாள் போட்டி பெரும்பாலும் பகல் ஒன்றரை மணிக்கு. கீதம் அதற்குச் சற்று முன்னால். ஞாயிற்றுக்கிழமை அது அப்பளம் பொரிக்கும் நேரம். நம் கீதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி. கொதிக்கிற எண்ணெயில் கிடக்கும் அப்பளத்துக்கு அது ஒரு யுகம். எதிரணியின் கீதத்துக்கும் நிற்க வேண்டும் என்பதில் பெரியப்பா கறார். பெரியம்மா ஜல்லிக்கரண்டியும் கையுமாக அசையாமல் நிற்க, அப்பளம் பொன்னிறம் தாண்டி, பழுப்பு தாண்டி, கரியாகிப் புகையும். முப்பது வருடமாகச் சமையலறைக்கும் சேர்த்து இந்த உத்தரவு. கருகின அப்பளத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "வேற இல்லையா?" என்று கேட்பவரும் அவரேதான்.

இப்போதெல்லாம் மேட்ச் நாளில் பெரியம்மா ஒன்றேகாலுக்கே அடுப்பை அணைத்துவிடுகிறார். மூன்றாவது ஓவரில் சோபாவிலிருந்து குறட்டை கேட்ட பிறகுதான் வாணலி மறுபடி ஏறுகிறது.